பழைய பாரசீகக் கம்பளமா? முதலில் திருப்பிப் போடுங்கள்

ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன இரண்டாம் வருடம் ஒரு சின்னப் பாரசீகக் கம்பளம் வாங்கினேன். ஐந்தடி நீளம் இருக்கும். தந்த நிறத் தரை, நடுவில் நீலப் பதக்கம், தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும் பட்டு. "கோம் நகரத்துச் சரக்கு, 120 வருடப் பழசு" என்றார் கடைக்காரர். தேநீர் கொடுத்தார், பேரம் பேசினோம், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு பக்கக் குஞ்சம் பிரிய ஆரம்பித்தது. கம்பளம் பழுதுபார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த ஈரானியப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கம்பளத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தைப் பிடித்துப் புரட்டினார், முதுகில் கட்டைவிரலை ஓட்டினார், "எத்தனை வயது என்று சொன்னார்கள்?" என்று உடைந்த இந்தியில் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். கோம் நகரத்தில் கம்பளத் தறி வேரூன்றியதே 1930-களில்தான். என் கம்பளம் அதற்கும் வெகுநாள் கழித்துப் பிறந்தது.

அந்த ஏமாற்றத்தில் தொடங்கிய படிப்புதான் இது. பழைய பாரசீகக் கம்பளம் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும், வீட்டில் தாத்தா காலத்துக் கம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டு இது என்னவாக இருக்கும் என்று யோசிப்பவர்களுக்கும் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கடைக்காரர் கதை சொல்லட்டும், கேளுங்கள், சுவாரசியமாகவே இருக்கும். ஆனால் சாட்சி கம்பளத்தின் முதுகில் இருக்கிறது.

முதல் படி: நெய்வது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாவு, ஊடை என்ற இரண்டு சொல்லும் நமக்குத் தெரிந்தவைதான். தறியில் நெடுக்காகக் கட்டியிருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஜமக்காளத்தில் இந்த இரண்டோடு கதை முடிந்துவிடும். பாரசீகத்திலும் அப்படித் தட்டையாக நெய்வது உண்டு, அதற்குக் கிலீம் என்று பெயர். கம்பளத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது, முடிச்சு. இரண்டு பாவு நூல்களைச் சுற்றி ஒரு சின்ன ரோம இழையைக் கட்டி, கீழே இழுத்து, கத்தியால் வெட்டிவிடுவார்கள். இப்படி ஒரு வரிசை முழுக்க முடித்ததும் ஊடையை ஓட்டி, இரும்புச் சீப்பால் ஓங்கித் தட்டி இறுக்குவார்கள். அப்புறம் அடுத்த வரிசை. வெட்டிய நுனிகள் நிமிர்ந்து நிற்பதுதான் நாம் காலடியில் உணரும் மெத்தென்ற ரோமம்.

முடிச்சில் முக்கியமாக இரண்டு வகை. இழை இரண்டு பாவையும் முழுக்கச் சுற்றி நடுவில் வெளிவந்தால் துருக்கி முடிச்சு. ஒரு பாவை முழுக்கவும் இன்னொன்றைப் பாதியாகவும் சுற்றினால் பாரசீக முடிச்சு. பெயரை நம்பி ஏமாறாதீர்கள். ஈரானிலேயே தப்ரீஸ், ஹெரிஸ், பிஜார் நெசவாளர்கள் போடுவது துருக்கி முடிச்சுதான். பாரசீக முடிச்சுக்குச் 'சென்னே முடிச்சு' என்று இன்னொரு பெயர் உண்டு. அந்தச் சென்னே ஊர்க்காரர்களும் போடுவது துருக்கி முடிச்சு! யார் பெயர் வைத்தார்களோ.

மூன்றாவதாக ஒரு திருட்டு முடிச்சும் உண்டு, ஜுஃப்தி என்பார்கள். இரண்டு பாவுக்குப் பதில் நான்கு பாவைச் சேர்த்துக் கட்டிவிடுவது. வேலை பாதியாகும், ரோமமும் பாதியாகும், கம்பளம் சீக்கிரம் தேயும். மஷ்ஹத் பக்கத்துக் கம்பளங்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

எவ்வளவு உழைப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தப்ரீஸில் நெருக்கத்தை 'ரஜ்' என்று அளப்பார்கள், சுமார் 7 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை முடிச்சு என்பது அது. 50 ரஜ் என்றால் ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 330 முடிச்சு. 2 மீட்டருக்கு 3 மீட்டர் கம்பளத்தில் இது 30 லட்சத்தைத் தாண்டும். கைதேர்ந்த ஒருவர் நாளைக்கு 8,000 முடிச்சு போடுகிறார் என்று வைத்தாலும், லீவே எடுக்காமல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

பட்டறைகளில் பாட்டாகவே வடிவத்தைச் சொல்லும் வழக்கம் இருந்தது. ஒருவர் கட்டம் போட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு "இரண்டு சிவப்பு, ஒரு நீலம், அப்புறம் மூன்று வெள்ளை" என்கிற மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போவார், தறிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தவர்கள் கட்டிக்கொண்டே வருவார்கள். மேய்ச்சலுக்கு இடம் மாறும் கஷ்காய் பழங்குடிப் பெண்களுக்கு வரைபடம் கிடையாது. தரையோடு படுத்த தறி, தலைக்குள் இருக்கும் வடிவம், அவ்வளவுதான். ஃபார்ஸ், காஷான் பகுதிகளின் கம்பள நெசவை 2010-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. காஷானில் கம்பளத் தொழில் செய்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். ஆனால் பழைய கம்பளங்களில் நெய்து வைத்திருக்கும் கையெழுத்துகளைப் பார்த்தால் பெரும்பாலும் பட்டறை முதலாளியின் பெயரோ, வரைந்து கொடுத்த உஸ்தாதின் பெயரோதான் இருக்கும்.

இரண்டாம் படி: முதுகைப் பாருங்கள்

கடையில் கம்பளத்தை விரித்ததும் வெளிச்சமான பக்கமாக ஒரு மூலையைப் புரட்டுங்கள். தயங்காதீர்கள். நல்ல கடைக்காரர் தப்பாக நினைக்க மாட்டார், நினைப்பவரிடம் வாங்க வேண்டாம்.

முதுகு முழுக்கத் துணியோ ரப்பர் பசையோ ஒட்டியிருந்தால் அது துப்பாக்கி போன்ற கருவியால் ரோமத்தைக் குத்திச் செருகிய சரக்கு. கையால் செய்தது என்று சொல்வார்கள், அதுவும் ஒரு வகையில் உண்மைதான். ஆனால் முடிச்சு இல்லை. கைமுடிச்சுக் கம்பளத்தில் முகத்தில் உள்ள பூவும் கொடியும் முதுகிலும் அப்படியே தெளிவாகத் தெரியும், சில சமயம் முகத்தைவிட முதுகில்தான் துல்லியமாகத் தெரியும்.

இயந்திரக் கம்பளத்திலும் முதுகில் வடிவம் தெரியும் என்பதால் அடுத்த சோதனையும் வேண்டும். குஞ்சத்தைப் பாருங்கள். கைநெசவில் குஞ்சம் தனிப் பொருள் இல்லை, பாவு நூலின் மிச்சம்தான் அது. கம்பளத்துக்குள்ளிருந்தே வெளிவருகிறதா, ஓரத்தில் வைத்துத் தைத்திருக்கிறதா? தைத்திருந்தால் ஒன்று இயந்திரச் சரக்கு, அல்லது பழைய குஞ்சம் தேய்ந்துபோய்ப் புதிது வைத்திருக்கிறார்கள். எதுவென்று அறிய, கம்பளத்தை முகம் வெளியே இருக்கும்படி மடக்கி ரோமத்தைப் பிரியுங்கள். அடியில் ஒவ்வோர் இழையும் பாவைச் சுற்றி ஒரு சின்னக் கழுத்துப்பட்டை போலப் பிடித்திருந்தால் முடிச்சு உண்டு. வெறுமனே உள்ளே நுழைந்து வெளியே வந்திருந்தால் இல்லை. வளைகுடாக் கடைகளில் 700, 1000, 1200 என்று எண் போட்டு விற்கும் ஈரானியக் கம்பளங்கள் இயந்திரத்தில் செய்தவை. அந்த எண் சொல்வது இயந்திரத்தின் சீப்பு நெருக்கத்தை. கால் துடைக்கவும் பிள்ளைகள் விளையாடவும் அருமையானவை, பழம்பொருளாக மட்டும் நினைக்காதீர்கள்.

முதுகு ஊரையும் சொல்லும். குறுக்கே ஒரே ஓர் ஊடை மட்டும் ஓடி, வெள்ளைப் பாவு சின்னச் சின்னப் புள்ளியாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஹமதான் பக்கம். காஷானின் பழைய கம்பளங்களில் ஊடை வெளிர் நீலமாக இருப்பது வழக்கம். பாறாங்கல் மாதிரி கனத்து, மடக்கவே முடியாமல் முரண்டு பிடித்தால் பிஜார், 'இரும்புக் கம்பளம்' என்று வியாபாரிகள் அழைப்பது அதைத்தான். பாவு ஊடை இரண்டுமே ஆட்டு ரோமமாக இருந்தால் பெரும்பாலும் பழங்குடிகளின் நெசவு, பருத்தி என்றால் ஊர்ப் பட்டறை, பட்டு என்றால் விலையுயர்ந்த நகரத்துப் பட்டறை. விதிவிலக்குகள் உண்டுதான், தொடக்கத்துக்கு இது போதும்.

இனி முடிச்சு எண்ணுவது. ஒரு அங்குல அளவுகோலை முதுகில் வைத்துக் குறுக்கேயும் நெடுக்கேயும் எண்ணிப் பெருக்குங்கள். சில ஊர் நெசவில் ஒரே முடிச்சு முதுகில் அருகருகே இரண்டு மேடாகத் தெரியும், அதை இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் இந்த எண்ணிக்கைப் பைத்தியம் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிச்சு கூடினால் விலை கூடும் என்பது ஒரே ஊருக்குள், ஒரே காலத்துக்குள் பொருந்தும் கணக்கு. ஹெரிஸ் கம்பளத்தில் முடிச்சு குறைவு, வடிவங்களும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், நேற்று நெய்த பளபளப்பான பட்டுக் கம்பளம் நான்கை ஒரு பழைய ஹெரிஸுக்குக் கொடுத்துவிடலாம்.

மூன்றாம் படி: சாயம்

வயதைக் கணிக்க இதைவிட நல்ல வழி இல்லை. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அடுத்த இருபது முப்பது வருடத்துக்குள் அனிலின் சாயங்கள் என்ற இந்த வகைச் செயற்கைச் சாயங்கள் ஈரானுக்கும் போய்ச் சேர்ந்தன. மலிவு, வேலையும் சுலபம். ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும், தண்ணீர் பட்டால் ஓடும். கம்பளத்தின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்த, அப்போது ஈரானை ஆண்ட கஜார் அரசு அவற்றின் இறக்குமதிக்குத் தடை போட்டுப் பார்த்தது, அனிலின் கம்பளங்களின் ஏற்றுமதிக்குத் தனித் தீர்வையும் விதித்துப் பார்த்தது. முழுதாக நிறுத்த முடியவில்லை. அதனால் ஒரு கம்பளத்தில் அனிலின் சாயம் தெரிந்தால், அது 1860-களுக்கு முந்தையதாக இருக்கவே முடியாது. இயற்கைச் சாயம் மட்டும் இருந்தால் அது பழசு என்று உறுதியாகிவிடுமா என்றால், ஆகாது. இன்றைக்கும் சிலர் இயற்கைச் சாயத்தில் நெய்கிறார்கள்.

பழைய சிவப்பு ருனாஸ் என்ற செடியின் வேரிலிருந்து வருவது. நம்மூர் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு. படிகாரத்தில் ஊறவைத்த கம்பளி நூலை இந்த வேர்ச்சாறில் போட்டால், சூட்டுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி செங்கல் நிறம் முதல் அடர்சிவப்பு வரை பிடிக்கும். நீலம் அவுரியிலிருந்து. இந்தியாவிலிருந்து போன அவுரி நீலமும் பாரசீகச் சாயத்தொட்டிகளில் நிறையக் கரைந்திருக்கிறது. மஞ்சளுக்கு இஸ்பரக் என்ற செடி, மாதுளைத் தோல். பழுப்புக்கு வால்நட்டின் வெளித்தோல். பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது, நீலத்தில் ஒரு முக்கு, மஞ்சளில் ஒரு முக்கு. மஞ்சள்தான் முதலில் வெளுக்கும். பழைய கம்பளத்தில் இலைகள் நீலமாக இருக்கின்றனவே என்று திகைக்காதீர்கள், நெய்த அன்றைக்கு அவை பச்சையாக இருந்தவை.

இப்போது கம்பளத்தின் முன் முழங்காலிட்டு உட்காருங்கள். ரோமத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து நுனியிலிருந்து அடிவரை பாருங்கள். இயற்கைச் சாயமாக இருந்தால் நுனி கொஞ்சம் மென்மையாகி, அடிக்குப் போகப் போக அதே நிறம் மெல்ல மெல்ல ஆழமாகும். நுனி சாம்பலாகவும் அடியில் திடீரென்று கத்தரிப்பூ நிறமோ கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறமோ தெரிந்தால், அது ஆரம்பகால அனிலின். முகத்தில் சாம்பல், முதுகில் ஊதா என்று இருப்பதும் அதே கதைதான்.

அடுத்து கறுப்பும் கரும்பழுப்பும் இருக்கும் இடங்களை உள்ளங்கையால் தடவுங்கள். பழைய கம்பளங்களில் அந்த நிறத்துக்கு இரும்புச் சத்து சேர்த்திருப்பார்கள். இரும்பு காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். அதனால் கறுப்புக் கோடுகள் பள்ளமாகி, பக்கத்தில் உள்ள பூக்கள் செதுக்கியது போல மேலெழும்பி நிற்கும். இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் உணர்வது சுலபம். நான் முதன்முதலில் இதைத் தொட்டு உணர்ந்தது அந்தப் பெரியவரின் பட்டறையில், தைப்பதற்கு வந்திருந்த ஒரு பெரிய கம்பளத்தில். மரத்தில் செதுக்கிய வேலைப்பாட்டைத் தடவுவது போல இருந்தது.

ஒரே நிறத் தரையில் பட்டை பட்டையாகச் சாயல் மாறினால் அது குறை இல்லை. ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டி நூல் தொடங்கிய இடம் அது, அப்ரஷ் என்பார்கள். விரும்பி வாங்குபவர்களே உண்டு. அது தெரிந்துதான் புதுக் கம்பளங்களிலும் இப்போது வேண்டுமென்றே அப்ரஷ் வைக்கிறார்கள்.

கடைசியாக, ஈர வெள்ளைக் கைக்குட்டையால் அடர் நிறங்களை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால், கழுவும் நாளில் அந்தச் சிவப்பு வெள்ளைப் பூக்களுக்குள் ஓடும். தேய்ந்த கம்பளத்தை மார்க்கர் பேனாவால் நிறம் ஏற்றி விற்பதும் இந்தக் கைக்குட்டையில் மாட்டிக்கொள்ளும். நிறம் ஏற்றுவது புது வித்தையும் அல்ல. 1920-களில் அமெரிக்காவுக்குப் போன சாரூக் கம்பளங்களின் சிவப்பை அங்கே ரசாயனத்தில் கழுவி வெளிறவைத்து, அப்புறம் தூரிகையால் அடர் நிறம் பூசி விற்றிருக்கிறார்கள். முதுகில் ஒரு சிவப்பு, முகத்தில் வேறு சிவப்பு என்று இருக்கும் சாரூக் இன்றும் கடைக்கு வருகிறது.

பட்டா இல்லையா என்ற சந்தேகத்துக்குக் குஞ்சத்திலிருந்து உதிர்ந்த ஓர் இழையைக் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரியும் வாடை வந்தால் மினுமினுப்பு ஏற்றிய பருத்தியோ ரேயானோதான். ஆனால் பாவு ஒன்றாகவும் ரோமம் வேறொன்றாகவும் இருக்கலாம், ரோம இழையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

நான்காம் படி: நெய்து வைத்த ஆண்டை வாசியுங்கள், நம்பாதீர்கள்

சில கம்பளங்களின் கரையில் ஆண்டு நெய்திருக்கும். ஃபார்சி எண்களைக் கற்க அரைமணி நேரம் போதும். ஒன்று என்பது நேர்க்கோடு, பூஜ்யம் ஒரு புள்ளி, ஐந்து கவிழ்த்துப் போட்ட இதய வடிவம், ஏழு மேலே விரிந்த கூம்பு, எட்டு அதைக் கவிழ்த்தது. எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்ணை நம்மைப் போல இடமிருந்து வலமாகத்தான் வாசிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளர் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி நெய்திருப்பதும் உண்டு.

கிடைத்த எண் ஹிஜ்ரி ஆண்டு. அது சந்திர ஆண்டு, நம் ஆண்டைவிடச் சிறியது. அதனால் 33-ஆல் வகுத்து, வந்ததைக் கழித்து, 622-ஐக் கூட்டுங்கள். 1324 என்று இருந்தால் 33-ஆல் வகுக்க 40, கழித்தால் 1284, கூட்டினால் 1906. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1925-இல் ஈரான் அதிகாரபூர்வமாகச் சூரிய ஆண்டுக்கு மாறியது. அந்தக் கணக்கில் 621-ஐக் கூட்டினால் போதும். அப்போது அதே 1324 என்பது 1945 ஆகிவிடும். நாற்பது வருட வித்தியாசம்! எது சரி என்று எண் சொல்லாது, சாயமும் நெசவும்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு தந்திரம். ஃபார்சியில் மூன்று என்பது தலையில் மூன்று பல் உள்ள கோடு, இரண்டு என்பது இரண்டு பல் உள்ள கோடு. ஒரு பல்லுக்குரிய நாலைந்து முடிச்சைப் பிடுங்கிவிட்டுத் தரை நிறத்தில் கட்டினால் 1324 என்பது 1224 ஆகிவிடும், அதாவது 1809. ஒரு மதிய வேலையில் நூறு வயது கூடிவிடுகிறது. எண் உள்ள இடத்தின் முதுகைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய முடிச்சுகள் பல வருடம் தரையில் உரசி வழவழப்பாகத் தட்டையாகியிருக்கும், புதிது உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஐந்தாம் படி: சொல்லும் கதை வரலாற்றில் நடக்கக்கூடியதா?

கிடைத்தவற்றிலேயே மிகப் பழைய முடிச்சுக் கம்பளம் சைபீரியாவின் அல்தாய் மலையில், பாசிரிக் என்ற இடத்துப் புதைகுழியில் 1949-இல் எடுத்தது. உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டதால் சுமார் 2,400 வருடம் கெடாமல் கிடந்திருக்கிறது. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பாரசீகத்தில் நெய்ததா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

பாரசீகக் கம்பளத்தின் உச்சம் சஃபவீ அரசர்கள் காலம், 16, 17-ஆம் நூற்றாண்டுகள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளம் அந்தக் காலத்தது. பத்தரை மீட்டர் நீளம், பட்டுப் பாவு ஊடை, கம்பளி ரோமம், சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சு. ஒரு முனையில் ஹாஃபிஸ் கவிதை வரிகளோடு மக்சூத் காஷானி என்ற பெயரும் 946 என்ற ஆண்டும் நெய்திருக்கும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 1539 வரும். 1893-இல் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர் ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ். உண்மையில் ஜோடிக் கம்பளங்கள் அவை, ஒன்றை வெட்டி எடுத்துத்தான் மற்றதை முழுமையாக்கினார்கள். வெட்டுப்பட்டது கரை இழந்து லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தது. லண்டன் கம்பளத்தின் நிறம் மங்காமல் இருக்க ஒவ்வொரு அரைமணிக்கும் பத்து நிமிடம் மட்டும் விளக்கேற்றுகிறார்கள். அந்தக் கம்பளத்தில் தொங்கும் இரண்டு விளக்குகளில் ஒன்று பெரிது, ஒன்று சின்னது. "குறையில்லாதவன் இறைவன் ஒருவனே என்று நெசவாளர்கள் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுவார்கள்" என்று எல்லாக் கடைக்காரர்களும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நான் பார்த்த கம்பளங்களில் தப்பு ஒன்றோடு நின்றதில்லை.

1722-இல் ஆப்கானியப் படையெடுப்பில் இஸ்ஃபஹான் வீழ்ந்தது, அரசவைப் பட்டறைகளும் போயின. பிறகு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தப்ரீஸ் வியாபாரிகள் ஐரோப்பியச் சந்தைக்காகத் தொழிலைத் தூக்கி நிறுத்தினார்கள். 1880-களில் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜீக்லர் நிறுவனம் சுல்தானாபாதில், இன்றைய அராக்கில், ஐரோப்பிய வரவேற்பறைக்கு ஏற்ற பெரிய பூ, வெளிர் நிறம் என்று சொல்லி நெய்ய வைத்தது. நம் கைக்கு எட்டும் 'பழம்' கம்பளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த மறுமலர்ச்சிக் காலத்துக்கும் பிற்பட்டவை. சந்தை வழக்கில் நூறு வயது தாண்டினால் ஆன்டீக், ஐம்பதிலிருந்து நூறு வரை செமி ஆன்டீக்.

ஆகவே கடைக்காரர் "முன்னூறு வருடம்" என்றால் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். "நாயின் நகரத்துக் கம்பளம், நூற்றைம்பது வருடம்" என்றாலும் அதே. நாயின் ஊர்க்காரர்கள் அதுவரை கம்பளி மேலங்கித் துணி நெய்துகொண்டிருந்தவர்கள், கம்பளத்துக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டில். கோம் பற்றித்தான் என் செலவில் தெரிந்துகொண்டீர்களே.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு ஏலத்தில் 900 யூரோ மதிப்பிட்ட பழைய கம்பளம் ஒன்று சுமார் 20,000 யூரோவுக்குப் போனது. விற்ற அம்மாளுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். 2010-இல் அதே கம்பளம் லண்டன் ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 17-ஆம் நூற்றாண்டுக் கெர்மான் கம்பளம் அது. இன்னொரு கெர்மான் கம்பளம் 2013-இல் நியூயார்க்கில் 3 கோடியே 37 லட்சம் டாலருக்குப் போனது. இவற்றைப் படித்துவிட்டுப் பரணில் ஏறித் தேட வேண்டாம். ஏறித்தான் ஆவேன் என்றால் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

ஆறாம் படி: நோய் பார்ப்பது

கம்பளத்தைச் சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஓட்டை, அந்துப்பூச்சி அரித்த இடம், ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் வெளிச்சத்தில் தெரியும். ரோமம் தேய்ந்தது பெரிய பாவம் இல்லை. பயப்பட வேண்டியது மட்கல். நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்த பருத்திப் பாவு வெளியே தெரியாமல் உளுத்துப்போயிருக்கும். ஒரு மூலையை மெதுவாக மடக்கிக் காதருகே வையுங்கள். 'சடசட' என்று அப்பளம் நொறுங்கும் ஓசை கேட்டால் விட்டுவிடுங்கள், அதைத் தைத்துக் காப்பாற்ற முடியாது.

கிழடாகக் காட்டுவதற்கென்றே தேய்த்த கம்பளமும் வரும். தேயிலைச் சாறில் முக்குவார்கள், முதுகின் பஞ்சைத் தீயால் கருக்குவார்கள். நிஜமான தேய்மானம் சீராக இருக்காது. கதவுப் பக்கம் அதிகம், சுவரோரம் குறைவு. எங்கும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் தேய்த்தவன் மனிதன்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. அதே ஊர், அதே அளவு, அதே நிலைமையில் மூன்று கம்பளமாவது பார்க்காமல் பேரத்தில் இறங்காதீர்கள். ஊர், பொருள், ஏறத்தாழ வயது, திருப்பித் தரும் நிபந்தனை நான்கையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் 120 என்று சொன்னவரின் பேனா அங்கே தயங்கும். இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய பழம்பொருளைத் தனியார் இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

கம்பளத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய விரிப்பு போடுங்கள். சுழலும் பிரஷ் இல்லாத வாக்குவம் கிளீனரால், ரோமம் சாயும் திசையிலேயே இழுங்கள். கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் எதிர்க்கும், வழுக்கும் பக்கம்தான் திசை. குஞ்சத்தின் மேல் மட்டும் கிளீனரை ஓட்டாதீர்கள், விழுங்கிவிடும். ஆறு மாதத்துக்கொருமுறை தலைகால் மாற்றிப் போடுங்கள்.

அந்துப்பூச்சிக்குப் பிடித்த இடம் சோபாவுக்கு அடியில், வெளிச்சமே படாத பகுதி. மாதத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கிப் பாருங்கள். அரிசி போன்ற கூடுகளோ மணல் போன்ற துகளோ தெரிந்தால் உடனே இருபக்கமும் சுத்தம் செய்யுங்கள். காபி கொட்டினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எடுத்துவைக்க வேண்டுமென்றால் மடிக்காதீர்கள். அட்டைக் குழாயில் சுருட்டி, பருத்தித் துணி சுற்றுங்கள். பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளே வேர்த்து, மேலே சொன்ன மட்கல் தொடங்கும். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் இது மிகவும் முக்கியம்.

என் கோம் கம்பளம் இப்போதும் வீட்டில் இருக்கிறது. வயதுதான் பொய், பட்டு பொய்யில்லை. எரித்துப் பார்த்துவிட்டேன். பெரியவர் தைத்துக் கொடுத்த முனையில் குஞ்சம் மற்ற முனையைவிட ஒரு விரற்கடை குட்டை. தலைகால் மாற்றிப் போடும்போது அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் எது என்று கண்டுபிடிக்கிறேன்.